தோட்டா நின்ற இடம்

விஸ்வநத்தத்து வேல்விழி பட்டாசுக் கம்பெனியில் வெடிகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்துவந்தாள். ஒருநாள் பக்கத்து அறை வெடித்துச் சுவர் சரிந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்ததால் உயிர் தப்பினாள். அதற்குப் பிறகு எந்தச் சுவருக்குப் பின்னாலும் அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. கம்பெனியை விட்டுவிட்டு வெல்டிங் பயிற்சியில் சேர்ந்தாள்.

விருதுநகரில் அவள் வேலைக்குச் சேர்ந்த பட்டறைக்குக் காவல் கூண்டு செய்யும் ஆர்டர் வந்தது. வெளியிலிருந்து துப்பாக்கியால் சுட்டாலும் உள்ளே நிற்கும் காவலர்மேல் குண்டு படக்கூடாது. கூண்டின் தகடுகளை வெல்டிங் வைத்து ஒட்டும் வேலை வேல்விழிக்கு. வந்திறங்கிய தகட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

"இதுவா ஸார் குண்டத் தாங்கும்?"

"நீங்களே வந்து பாருங்கக்கா" என்றார் இன்ஜினியர் ஹரிஷ்குமார். அவளைவிட இளையவர்.

காரியாபட்டிக்கு அப்பால், பொட்டலில் இருந்தது சோதனைக் கொட்டகை. துப்பாக்கியைத் தாங்கியில் இறுக்கிப் பூட்டியிருந்தார், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற கண்ணுச்சாமி. எல்லோரும் கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று டிவியில் பார்த்தார்கள். முதலில் வைத்தது சாதாரண இரும்பு, ஒட்டவேண்டிய தகட்டைவிடக் கனமானது.

வெடிச்சத்தம் கேட்டதுதான் தாமதம், வேல்விழி வாசலுக்கு ஓடி வானத்தில் புகையைத் தேடினாள். சிவகாசிப் பக்கத்துக் கால்கள் அப்படித்தான் ஓடும்.

"அக்கா, இது நம்ம சத்தம்தான்" என்று ஹரிஷ்குமார் கூப்பிட்ட பிறகே திரும்பினாள்.

இரும்பில் வட்டமாக ஒரு ஓட்டை. அதன் வழியே பின்சுவர் தெரிந்தது.

அடுத்து அந்த மெல்லிய தகடு. அதற்குப் பின்னால் ஒரு அலுமினியத் தகரத்தை நிறுத்தினார்கள். துளி சிதறல் வந்தாலும் தகரம் காட்டிக்கொடுத்துவிடும். மறுபடி சத்தம். போகலாம் என்று கண்ணுச்சாமி சொன்னதும் அவள்தான் முதலில் போனாள். சுட்ட இடத்தில் ஈயம் தெறித்ததுபோல் ஒரு சாம்பல் பூ, நடுவே சின்னப் பள்ளம். பின்பக்கம் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். மெல்லிய புடைப்பு, இளஞ்சூடு. அவ்வளவே.

"குண்டு எங்கன போச்சு அண்ணாச்சி?"

"எங்கயும் போகல தாயி. இங்கனயே பொடிஞ்சு போச்சு" என்று தரையில் கிடந்த குண்டின் செம்பு உறைத் துணுக்குகளைக் காட்டினார் கண்ணுச்சாமி.

மூன்றாவது குண்டு, சோதனைக்கென்று பட்டறையில் இரண்டு தகடுகளைச் சேர்த்து அவள் ஒட்டியிருந்த இணைப்பின்மேல். அது துளைத்துக்கொண்டு போனது. அலுமினியத் தகரமும் கிழிந்திருந்தது. வேல்விழி கிழிசலையே பார்த்தபடி நின்றாள். இந்த இடத்துக்குப் பின்னால்தானே ஒரு ஆள் நிற்பான்?

"ஒட்டுனது சரியில்லையா ஸார்?"

"ஒட்டு நல்லாத்தான் இருக்கு. சூடு பட்டா இந்தத் தகடு இளகிப்போகும்க்கா. யாரு ஒட்டுனாலும் ஓரத்துல அந்தக் கடினம் போயிரும். உள்பக்கமா இதே தகட்டுல ஒரு பட்டி வச்சு மூடணும்."

இம்புட்டு வலுவை இத்துனூண்டு சூடு தின்றுவிடுமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் பட்டியை வெட்டினாள். இணைப்பை நன்றாக மூடும்படி வைத்து, சூடு இணைப்பை எட்டாதபடி பட்டியின் வெளி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினாள்.

மறுவாரம் அதே கொட்டகை, பட்டி வைத்து மூடிய இணைப்பு. அடுத்தடுத்து மூன்று முறை சுட்டார்கள். இந்தத் தடவை அவள் வாசலுக்கு ஓடவில்லை. சுவரில் கைவைத்து நின்றாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் சுவர் அதிர்வது கைக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் முன்பக்கம் ஒட்டு சிதைந்து கிடந்தது. பின்னால் நிறுத்தியிருந்த புதுத் தகரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. குனிந்து, நிமிர்ந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். கண் கலங்கியது.

தகரத்தை மட்டும் போனில் படமெடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். கம்பெனி வேன் ஓட்டும் முனியராஜ் உடனே கூப்பிட்டான்.

"ஏ புள்ள, என்னத்த அனுப்பியிருக்க? வெறும் தகரமால்ல இருக்கு. ஒண்ணையும் காணோமே."

"ஆமாங்க" என்றாள் வேல்விழி. "ஒண்ணுமே இல்லைல்ல? அதத்தான் பாக்கச் சொன்னேன்."