சூளையில் ஊற்றிய தண்ணீர்

சூடான தோசைக்கல்லில் மருமகள் தண்ணீர் தெளித்தாள். அந்தச் 'சுர்' சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது, எர்ணாவூரில் மீன் விற்ற என் அம்மா, மீனோடு குழம்புச் சட்டியும் விற்கலாமென்று வீட்டுக்குப் பின்னால் தானே ஒரு சூளை கட்டினாள். உடைந்த செங்கல்லை நாங்கள் பொறுக்கி வந்தோம். அவள் களிமண் குழைத்துப் பூசினாள். தான் செய்த சட்டிகளை அடுக்கி முதல் முறை பற்றவைத்தபோது தேங்காய் மட்டை எரியும் வாசனை தெருவெங்கும் பரவியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தொழிற்சாலை சூப்பர்வைசர் இரண்டு ஆட்களோடு வந்தார்.

"பெரிய ஆபீசருங்க வந்துகினு கீறாங்க. பொகைய அணை."

அம்மா அவர்களுடைய உயரமான புகைபோக்கியைக் காட்டினாள். "அத்த யாருய்யா அணைக்கிறது? தெனம் எங்க சோத்துல சாம்பல் வியுது!"

 அவரோ, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து நாங்கள் பிடித்த குடத்துத் தண்ணீரையே எடுத்து நெருப்பில் ஊற்றும்படி தன் ஆட்களிடம் சொன்னார். உள்ளே சட்டிகள் ஒவ்வொன்றாக வெடித்தன.

அம்மா அழவில்லை. மறுநாள் அதே செங்கற்களைச் சுமந்துபோய், தொழிற்சாலை வாசலுக்கு நேர் எதிரே சூளை கட்டினாள். தெருப் பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் வெளியே வரவேயில்லை.

"இன்னா அத்தே, தோசக்கல்ல அப்டி மொறைக்கிற?" என்றாள் மருமகள்.

"எத்தினி வருசமாச்சு, அந்தாளு மேல கோவம் இன்னும் ஆறலடி."