பத்து நிமிடம் என்றாள்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கும் பீம்ராவின் மகள் சங்கமித்ரா, அந்தச் சந்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள். 2003-இல் விலங்கியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எப்போதாவது வலிப்பு வரும். இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். மாத்திரை போட்டால் மூட்டையோடு வேகன் பலகையில் ஏறும்போது தூக்கம் தள்ளுகிறது என்று மூன்று நாளாக அதை அவர் நிறுத்தியிருந்தது அவளுக்குத் தெரியாது.

அன்று காலை வந்த வலிப்பு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு காத்தூன் பீவி சாவிக்கொத்தோடு ஓடிவந்தார்.

"கைல இரும்பு குடுமே!"

"வேணாம் ஆன்ட்டி, அது தப்பு. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். தானா நின்னுடும்."

"இன்னாமே, டிகிரி வாங்கினா வலிப்பு உன் பேச்ச கேக்குமா? ஆட்டோவாச்சும் கூப்டுமே!"

சாவி விஷயத்தில் அவள் சொன்னது சரிதான். அந்த ஒரு சரியைப் பிடித்துக்கொண்டு கூடியிருந்த எல்லோரிடமும் வாதாடினாள். கடிகாரத்தைப் பார்த்தபோது இருபது நிமிடம் போயிருந்தது. அப்பாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்டோ. ஆஸ்பத்திரி போய்ச் சேர இன்னும் இருபது நிமிடம் ஆனது.

"எப்ப ஆரம்பிச்சது?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"பத்து நிமிஷம் இருக்கும்."

படித்தவள் வேடிக்கை பார்த்தாள் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் அவளை அப்படிச் சொல்ல வைத்தது.

ஊசி போட்டார்கள். உடம்பு துள்ளிக்கொண்டே இருந்தது. இன்னொன்று போட்டார்கள். அப்போதும் துள்ளியது.

டாக்டர் முகம் மாறியது. "பத்து நிமிஷம்னா இந்நேரம் அடங்கியிருக்கணுமே. இந்த மருந்து மூளை செல் மேல இருக்கிற சில ஏற்பிகள்ல, அதாவது மருந்து வந்து ஒட்டுற இடங்கள்லதான் வேலை செய்யும். மூளையை அடக்கி வைக்கிறது அதுங்கதான். வலிப்பு நீண்டா அதுங்க செல்லுக்குள்ள போயிடும். உசுப்பிவிடுற ஏற்பிகள் மேல வந்து கூடிக்கும். அப்புறம் வலிப்பே வலிப்பை ஓட்டும், ஊசி பிடிக்காது. வேற மருந்துக்குப் போகணும். சரியா சொல்லும்மா, எவ்வளவு நேரம்?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டேன் டாக்டர். நாப்பது நிமிஷம்."

அவர் திட்டவில்லை. நர்ஸிடம் வேறொரு மருந்தின் பெயரைக் கத்தினார். அவர் திட்டாததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மருந்து மெல்ல இறங்கியது. முதலில் கால் அடங்கியது, பிறகு தோள். கடைசியில் தாடை. அப்பா அசையாமல் கிடந்தார்.

"நின்னுடுச்சு. கண்ணு முழிச்சாதான் மத்தது தெரியும்" என்றார் டாக்டர்.

அவள் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.