சவரிராயன் பாஸ் சொன்ன கதை

எங்கள் ஊரில் சவரிராயனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் வாயைத் தெரியாதவர்கள் கிடையாது. உப்பளத்தில் மேஸ்திரி வேலை. பாத்தியில் உப்பு இறங்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த மனுஷனுக்கு, எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாது. கோயிலில் சாமியார் ஜெபத்தை முடிக்கும் முன்பே இவருடைய ஆமென் கேட்டுவிடும். அவசரக் குடுக்கை என்று அவர் பெண்சாதி சூசைமேரியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்.

அந்த வாய்தான் அவரைக் குழியில் தள்ளியது.

மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. பாத்தியெல்லாம் வெள்ளக்காடு. ஆம்பளைகள் உப்புக் கிடங்கில் கூடி இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம். நாலு பேர் ஆட்டம், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதைப் பார்த்து, இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் போல ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அதற்குக் கேள்வி என்று பெயர். அதிகம் கேட்டவன் மற்ற ஜாதிகளை வெட்டுகிற துருப்பு வைப்பான், பிறகு மீதி நாலு சீட்டு வரும், சொன்னதை எடுக்காவிட்டால் தோற்பான். மற்றபடி ஜோடியிடம் வாய் திறக்கக் கூடாது, கண் காட்டக் கூடாது. கேள்வி மட்டுந்தான் பேச்சு.

சூசைமேரியின் அண்ணன் பவுல்ராஜும் சவரிராயனும் பல வருஷ ஜோடி. ஒரு மழைக்காலத்தில் பவுல்ராஜ் பத்தொன்பது கேட்டார். எதிராளிகள் ஒதுங்கிவிட்டார்கள். சும்மா இருந்திருக்கலாம். சவரிராயன் சொந்த ஜோடியின் தலைக்கு மேலேயே "இருபது" என்றார். ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். பவுல்ராஜ் சீட்டைத் தூக்கி உப்புக் குவியலில் எறிந்தார்.

"என் கையை நம்பாதவன் ஊட்டு வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன்."

சீட்டாட்டச் சண்டைதானே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சிரித்தோம். பவுல்ராஜ் சிரிக்கவில்லை. அடுத்த வருஷ மழையும் வந்து போனது, அவர் தங்கை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எழுபத்து நாலு ஐப்பசியில் சவரிராயன் மகள் இன்னாசிமேரிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை பொம்மையார்பாளையம். கோயிலில் இரண்டு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, மூன்றாவது வருகிற ஞாயிறு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போனால்தான் பெண் கோயிலுக்குப் புறப்படும். பவுல்ராஜுக்கு அனுப்பிய வெற்றிலைத் தட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது. சாமியார் போய்ப் பேசினார், பலிக்கவில்லை. சூசைமேரி நனைந்துகொண்டே அண்ணன் வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தாள். கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரே ஆள் அனுப்பிவிட்டார்கள். "தாய்மாமனே வராத பொண்ணுன்னா ஊர்ல என்னா நெனப்பாங்க? மொதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க, அப்புறம் மூணாவது ஓலையப் பாக்கலாம்."

அதற்குப் பிறகு சவரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை. மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் மழையிலேயே அளத்துக் கரைமேல் சுற்றிக்கொண்டிருந்தார். செத்துத் தொலைந்தால் தேவலை என்று என்னிடமே சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"வீட்டில்தானே கதவைச் சாத்துகிறார், கிடங்கில் எதைச் சாத்துவார்? அங்கே போய்க் காலில் விழு" என்று நான்தான் அவரை இழுத்துப் போனேன்.

சவரிராயன் போய்க் கும்பிட்டபடி நின்றார். பவுல்ராஜ் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்தது. பவுல்ராஜோடு ராமதாஸும் தட்சணாமூர்த்தியும் உட்கார்ந்திருந்தார்கள், இருவரும் அளத்துக்காரர்கள். நாலாவது கையாகச் சவரிராயனை நான் உட்கார வைத்தேன். நிலையான ஜோடி இல்லாதபோது யாருக்கு யார் என்பதைச் சீட்டு இழுத்துத்தான் முடிவு செய்வோம், பெரிய சீட்டு இரண்டும் ஒரு பக்கம்; இழுக்கும்போது ஆஸ்தான் பெரிது, அடுத்தது ராஜா. பவுல்ராஜுக்கு ராஜா வந்தது. சவரிராயன் இழுத்தார், ஆஸ். இழுத்த சீட்டை மறுத்து எழுந்து போவது கிடங்கில் மானக்கேடு. பவுல்ராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

கடைசிக் கைக்கு இரண்டு பக்கமும் சமம். சவரிராயன் தோளுக்குப் பின்னால் நான் இருந்தேன். அவருக்கு வந்த நாலு சீட்டையும் எட்டிப் பார்த்தேன். ஆட்டின் ஜாதியில் ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து. இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரியவன், அடுத்தது ஒன்பது. ஆட்டினில் மேலே இருக்கிற நாலும் இவர் கையில். அதையே துருப்பாக வைத்தால் எவனாலும் அசைக்க முடியாது. வேறு எது துருப்பானாலும் ஜாக்கி ஒன்று பிழைக்கும், மற்றதை வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

பவுல்ராஜ் "பதினெட்டு" என்றார். ராமதாஸ் "பத்தொம்பது" என்றார்.

சவரிராயன் முறை. இருபது என்றால் ஆட்டம் கைக்குள். ஆனால் அது அதே இருபது, அதே ஆளிடமிருந்து மறுபடியும் துருப்பைப் பிடுங்கிக்கொள்கிற இருபது. பாஸ் சொல்லி ஒதுங்கினால் கேள்வி சுற்றிக்கொண்டு பவுல்ராஜிடம் போகும். நீயே கேள் மச்சான், உன் கையை நம்புகிறேன் என்று சொல்ல அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. உதடு இரண்டு தரம் திறந்து மூடியது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. இருபதைச் சொல்லித் தொலையேன்யா என்று முதுகில் ஒரு குத்து விடலாம் போலிருந்தது எனக்கு.

"இன்னாபா, தூங்கிட்டியா?" என்றார் தட்சணாமூர்த்தி.

"பாஸ்" என்றார் சவரிராயன்.

தட்சணாமூர்த்தியும் பாஸ். பவுல்ராஜ் தன் சீட்டைப் பார்த்தார், பிறகு சவரிராயனைப் பார்த்தார். வாயை மூடவே தெரியாதவன் பாஸ் சொல்கிறான் என்றால் கையில் வெறும் குப்பை என்றுதான் எவனும் நினைப்பான். அவரும் "பாஸ்" என்றார்.

ராமதாஸ் கிளாவரைத் துருப்பு வைத்தார். ஆட்டின் ஜாக்கி ஒன்று பிழைத்தது. ஒன்பதையும் ஆஸையும் பத்தையும் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். ராமதாஸ் சரியாகப் பத்தொன்பது எடுத்துவிட்டார். சவரிராயன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஆட்டமும் போனது, மச்சானும் போனார், பெண்ணின் கல்யாணமும் போனது.

பவுல்ராஜ் விழுந்த சீட்டுகளைப் புரட்டினார்.

"நாலும் மொத கையிலயே இருந்துச்சா?"

சவரிராயன் தலையாட்டினார்.

"யோவ் மாப்ளே, உனக்கு புத்தி கித்தி இருக்குதா? ஜாக்கி, ஒம்போது, ஆஸ், பத்து! சின்னப் புள்ள கூட இருபது கேக்குமேய்யா!"

"நீ கேப்பேன்னு உட்டேன் மச்சான். உன் கையை நம்பித்தான்..."

"நம்புறதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமா?"

சவரிராயன் எழுந்து மழையில் இறங்கி நடந்தார். பவுல்ராஜுக்கு ஆத்திரம் அடங்கவில்லை, பின்னாலேயே போனார். கரை நெடுகத் திட்டு. எந்தச் சீட்டுக்கு எதைப் போட்டிருக்க வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். இவர் அழுதுகொண்டே முன்னால் போகிறார், அவர் திட்டிக்கொண்டே பின்னால் போகிறார், நான் குடையோடு இருவருக்கும் நடுவில்.

வீட்டுக்குள் நுழைந்ததும், "உன் புருஷன் பண்ண காரியத்தக் கேட்டியா சூசை?" என்று கத்தியபடியே பவுல்ராஜ் பாயில் உட்கார்ந்தார். சூசைமேரி ஓடிப்போய்த் தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டுவந்து முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே திட்டினார். இன்னாசிமேரி தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள். பவுல்ராஜ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. வாயில் சோறு அப்படியே நின்றது. யாரும் பேசவில்லை, சவரிராயன் உட்பட. எழுந்து போய்விடுவாரோ என்று நான் வாசலை மறித்து நின்றுகொண்டேன்.

டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்தார்.

"கல்யாண ஊட்டுல சீட்டு போட்டீங்கன்னா, இந்தாளு கூட என்னை உக்கார வெக்காதீங்க. இப்பவே சொல்லிட்டேன்."