டிக்கெட்டுக்குப் பதினான்கு ஊசி

என் அப்பா தேவகனி, மினிபஸ் கண்டக்டர். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர்ப் புதுக்கோட்டை வரை, இருபத்திரண்டு வருடமாக ஒரே ரூட், ஒரே தொண்டை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்தாலும் அப்பா குரல்தான் மேலே நிற்கும். வீட்டில் சாப்பிடும்போது உப்பு கேட்டாலும் அதே சத்தம்தான். அம்மா எழுந்து போவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து உப்பு வந்துவிடும்.

எங்கள் நாயின் பெயர் டிக்கெட். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கோரம்பள்ளத்தில் தனியாக ஏறி, கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டுகொண்ட குட்டி. புதுக்கோட்டை போய்த் திரும்பியும் இறங்கவில்லை. டிக்கெட் இல்லாமல் வந்ததால் அப்பா அந்தப் பெயரையே வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலை முதல் ட்ரிப் அவளுக்கு உண்டு. அப்பா ஸ்டாப் பெயர்களைக் கூவக் கூவ, சீட்டுக்கு அடியில் தூங்குவாள். "போலாம் ரைட்!" என்ற சத்தத்துக்கு மட்டும் காது நிமிரும். கீழே நின்றிருந்தால் ஒரே தாவலில் படியில் இருப்பாள்.

போன கார்த்திகை மழையில் அந்தப் படியில்தான் வழுக்கினாள். மறுநாள் பின்னங்கால் இரண்டும் எழும்பவில்லை. பஸ் ஹாரன் கேட்டதும் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நான் சாப்பிட்டேன் என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள். பொய். பாதிதான்.

மில்லர்புரத்தில் கால்நடை டாக்டர் சரண்யாதேவியிடம் தூக்கிக்கொண்டு போனோம். முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். கால்விரலைக் கிள்ளினால் வலி தெரிகிறது, அதுவரைக்கும் நல்லது என்றார். மாத்திரை, ஓய்வு, காலை நீட்டி மடக்கும் பயிற்சி. கூடவே அக்குபங்சர்.

"ஊசின்னா மருந்து ஊசியா டாக்டரம்மா?" என்று கேட்டார் அப்பா.

"மருந்தெல்லாம் இல்ல அண்ணாச்சி. முடி கனத்துல வெறும் ஊசி. இருபது நிமிஷம் குத்தி வச்சிட்டு எடுத்துருவேன். மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட சேத்து. கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆறு தடவ பாப்போம். எந்திரிக்கலன்னா பின்னால சக்கரம் கட்டி நடக்க வச்சிரலாம்."

"சக்கரத்தோட எப்படி படி ஏறுவா?"

அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

எத்தனையோ குடிகாரர்களைத் தோளைப் பிடித்து இறக்கிவிட்ட மனிதர், முதல் ஊசி இறங்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி காலண்டரில் ராகுகாலம் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்.

அதோடு, சீக்காளி இருக்கிற இடத்தில் சத்தம் ஆகாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டார். என்னைப் பார்த்து, "மூச்சு காட்டாதளா ஜெப்ஸி" என்று உதட்டை மட்டும் அசைத்தார். அறை அமைதியாக ஆக ஆக டிக்கெட்டுக்கு நடுக்கம் கூடியது. ஒரே உதறல். பதினான்கு ஊசியில் ஒன்பது தரையில் கிடந்தன. இரண்டாவது தடவையும் அதே கதை.

"இப்படி இறுக்கிக்கிட்டா நான் என்ன குத்தியும் பிரயோஜனம் இல்ல" என்றார் டாக்டர்.

இங்கே என் திருவிளையாடல் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா கூவுவதை ஒருநாள் பின் சீட்டிலிருந்து ஃபோனில் பிடித்து ரிங்டோன் ஆக்கியிருந்தேன். பாஸ்டரின் நீண்ட ஜெபத்துக்கு நடுவே அது அடித்தது. "போலாம் ரைட்!" கேட்டதும் பாதிச் சபை ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அத அழிச்சிரு" என்றார். அழித்துவிட்டேன் என்றேன். அழிக்கவில்லை.

மூன்றாவது தடவை கிளம்பும்போது எனக்குக் குறும்பு தட்டியது. அப்பாவின் பூனை நடையையும் ரகசியப் பேச்சையும் பார்க்கச் சகிக்கவில்லை. சரியாக ஐந்தே காலுக்கு எனக்கு ஃபோன் போடும்படி சித்தி மகன் ஸ்டெபினிடம் சொல்லிவைத்தேன். ஊசி ஏறி, அப்பா காலண்டரில் அஷ்டமி நவமிக்கு வந்திருந்த நேரம், என் பையிலிருந்து அவரே கத்தினார்.

"மூணாமைல், கோரம்பள்ளம், மறவன்மடம், அந்தோணியார்புரம், புதுக்கோட்டே! உள்ள போங்கம்மா, பின்னால கிரவுண்டே கெடக்கு!"

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் என்னிடம் ஊசி குத்த இடம் மிச்சமில்லை. ஆனால் டாக்டர் கையை உயர்த்தினார். டிக்கெட் தலையைத் தரையில் சாய்த்துப் பெருமூச்சு விட்டிருந்தாள். நடுக்கம் நின்றிருந்தது. கடைசியில் "போலாம் ரைட்!" வந்தபோது காது நிமிர்ந்தது, இடுப்பு ஒரு துடி துடித்தது.

"அண்ணாச்சி, இவ தூங்குறதே உங்க சத்தத்துலயா? நீங்க பேசாம நின்னா பயப்படத்தான செய்வா! கூவுங்க. அந்த ரைட்ட மட்டும் விட்டுருங்க, ஊசியோட எந்திரிக்கப் பாக்கா."

அப்பா முதலில் முனகினார். கோரம்பள்ளம் தாண்டியதும் தொண்டை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. வெளியே பூனைக் கூடையோடு காத்திருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அந்தோணியார்புரத்துல நிக்குமா?" என்றார்.

"நிக்கும்மா, சில்லறையா வச்சிக்கோங்க" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

டிக்கெட் குறட்டை விட்டாள்.

நான்காவதில் வால் ஆடியது. ஐந்தாவதில் புதிதாக ஒன்றும் இல்லை. வீட்டில் அவளுடைய காலை நூறு தடவை நீட்டி மடக்கிவிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆறாவது தடவை டாக்டர் ஊசிகளை எடுத்தார். பதினான்கும் கிண்ணத்துக்கு வந்தன. "இப்ப அந்த வார்த்தையைச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. இருபத்திரண்டு வருடக் குரல் எந்த ஸ்டாப்பில் இறங்கியதோ. கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடி திறந்தார். அப்போதும் காற்று. டிக்கெட் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஃபோனை எடுத்து, ரிங்டோனின் கடைசிக்குத் தள்ளி அழுத்தினேன்.

"போலாம் ரைட்!"

முன்பக்கம் எழுந்தது. வலது பின்னங்கால் ஊன்றியது. இடது கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து சேர்ந்தது. பள்ளத்தில் இறங்கிய மினிபஸ் மாதிரி ஆடிக்கொண்டே மூன்று அடி வைத்து, அப்பாவின் செருப்பு மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா குனிந்து வெகுநேரம் அவள் காதைத் தடவினார். பிறகு என்னைப் பார்க்காமல், "அழிச்சிட்டேன்னு சொன்னியே?" என்றார்.

"அழிச்சேம்ப்பா. அதுவா திரும்பி வந்துட்டு."

"கெடக்கட்டும்."

ஊசியா, மாத்திரையா, பயிற்சியா, எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இடது கால் இன்னும் கோணல்தான். தாவ முடியாது. அதனால் அப்பா ஒரு பலகையில் சாக்கைச் சுற்றி ஆணி அடித்து பஸ்ஸிலேயே வைத்திருக்கிறார். காலை முதல் ட்ரிப்பில் படியில் அதைச் சாய்த்துவிட்டு நிற்பார்.

நேற்று ஒரு காலேஜ் பையன் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணாச்சி, நேரமாவுது! எடுக்கச் சொல்லுங்க!" என்று கத்தினான்.

அப்பா திரும்பாமலே பதில் கொடுத்தார். "பொறுலே. பாசஞ்சர் ஏறுதாவல்லா?"

டிக்கெட் பலகையில் நாலு அடி வைத்தாள், நின்று மூச்சு வாங்கினாள், இன்னும் நாலு அடி. கடைசி சீட்டுக்கு அடியில் வால் நுனி மறைந்த பிறகுதான் அப்பா பலகையை எடுத்தார்.

ரைட் சொன்ன சத்தத்தில் அந்தப் பையனின் காதிலிருந்து இயர்ஃபோன் கழன்று விழுந்தது.