காதர் பெயருக்கு நேரே ஐம்பத்தெட்டு

நேற்று முன்தினம் ரீசார்ஜ் செய்யப் போன இடத்தில், செல்போன் கடை ரபீக் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். "பெரியவரே, உங்களுக்குக் கணக்குன்னா உசிராச்சே. இதப் பாருங்க."

எங்கேயோ வெளிநாட்டில், சம்பளம் வாங்கிக்கொண்டு கூடைப்பந்து ஆடத் தொடங்கிய காலத்து ஆட்டக் குறிப்பு. யார் எத்தனை கூடை போட்டார், எத்தனை தப்பு செய்தார், அணியின் மொத்தம் எவ்வளவு, எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக் கட்டம், பிறர் கூடை போடப் பந்து கொடுத்ததற்கானது. அதில் மேலிருந்து கீழ்வரை வெறும் கோடுகள்.

"இது ஏன் காலியா கெடக்கு?"

"அத அப்ப யாரும் எண்ணலையாம்."

நான் எண்ணினேன் ஐயா. எண்ணியதுதான் வினை.

ரீசார்ஜை மறந்து வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை இழுத்தேன். திறந்ததும் கார்பன் தாளின் எண்ணெய் வாசனை. அது மூக்கில் ஏறினால், நான் வருகைக் கணக்கு எழுதிய ராஜபாளையத்து மில்லின் டைம் ஆபீஸ் நினைவுக்கு வந்துவிடும். அதன் சின்ன ஜன்னல், ஜன்னல் கம்பியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி. கம்பிகள் ஒன்பது.

எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. பெண் பார்க்கப் போன அன்று, "வலது கையில் ஆறு வளையல், இடது கையில் அஞ்சுதான் இருக்கு" என்று சபையில் சொன்னவன் நான். வீட்டில் அந்த ஏச்சு இன்னும் ஓயவில்லை.

கூடைப்பந்து ஆடுவதற்கென்றே ஆள் எடுத்து மில்லில் சம்பளம் கொடுத்த முதல் வருஷம் அது. ஊரில் அதற்குச் 'சம்பளக்காரப் பந்து' என்று பெயர். முதல் ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் அணியோடு. ஆட்டம் முடிந்ததும் யார் யாரை நிரந்தரமாக்குவது என்று மேனேஜர் முடிவு செய்வார். கணக்கு எழுத என்னை உட்கார வைத்தார்கள். தாள் கேட்டேன். தினமும் நூற்பு உற்பத்தி எழுதும் படிவத்தையே கொடுத்தார்கள். பெயர், தொழிலாளியின் டிக்கெட் நம்பர், உற்பத்தி, கழிவு. நாலே கட்டம். கீழே மேலதிகாரி கையொப்பம்.

கூடையில் விழுந்ததை உற்பத்தியில் எழுதினேன். விழாததைக் கழிவில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காதர் என்று ஒரு பையன், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், எங்கள் பக்கம் ஆடினான். பந்து கையில் தங்காது. ஓடி, இழுத்து, ஆள் நிற்கும் இடம் பார்த்துக் கொடுத்துவிடுவான். கொடுப்பதையெல்லாம் எண்ணிவிட்டேன். எண்ணியதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கட்டம் ஏது? கையை விட்டுப் போனது, கூடையில் விழாதது, எனவே கழிவு. அன்றைக்கு என் புத்திக்கு அது நியாயமாகவே பட்டது.

வேலியோரத்தில் எங்கள் மில் ஆட்கள் கத்தினார்கள். "ஏலே காதரு, பந்த உங்க ஊர்க்காரனுக்கே குடுத்துருவ போலயே!"

நாற்பத்தொன்றுக்கு நாற்பத்து மூன்று. தோற்றோம். எங்கள் நாற்பத்தொன்றில் இருபத்திரண்டு, காதர் கொடுத்த பந்தை வாங்கி ஒரு நெட்டையன் போட்டது. மறுநாள் மேனேஜர் படிவத்தில் விரலை ஓட்டினார். நெட்டையன், உற்பத்தி இருபத்திரண்டு. காதர், உற்பத்தி நான்கு, கழிவு ஐம்பத்தெட்டு.

"ஏமய்யா, ஒரே ஆளுக்கு ஐம்பத்தெட்டு வேஸ்டா? அதுவும் சொந்த ஊருக்கு எதிரா?" என்று சிரித்தார். நெட்டையன் நிரந்தரமானான். காதரை அன்றே அனுப்பிவிட்டார்கள், 'விட்டுக்கொடுத்தவன்' என்ற பெயரோடு.

நான் வாய் திறக்கவில்லை. நானும் அப்போது நிரந்தரமாகாதவன். படிவத்தைத் தப்பாக எழுதினேன் என்று சொல்லிவிட்டு எந்த மில்லில் எழுதப் போவேன்?

ஐம்பத்திரண்டு வருஷம். இனி ஒரு நாளும் தள்ளுவதில்லை என்று, நேற்றுக் காலை பெட்டியில் இருந்த அன்றைய படிவத்தையும் கார்பன் தாளையும் பையில் வைத்து, மாத்திரையை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். காதர் அங்கே வெட்டுத்துணிக் கடை வைத்திருக்கிறார் என்று, நான் கேட்டதற்கு ரபீக் அன்று மாலையே விசாரித்துச் சொல்லியிருந்தான்.

காதர் துணியை முழம் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணாச்சி! இன்னும் எண்ணுதியளா? நம்ம கடைக்கு எத்தன படி?"

"மூணு" என்றேன். படிவத்தை விரித்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இதுதானா? அந்த ஊர்க்காரன் துப்புனான். இந்த ஊர்க்காரன் தோள்ல தட்டுனான். ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி, நான் விட்டுக் குடுத்தேன்னு நெனச்சுத்தான். எங்க வாப்பா மட்டும், 'ஏலே, வாங்குன சம்பளத்துக்கு ஆடுனியா, இல்ல விட்டுக் குடுத்தியா'ன்னு கேட்டாரு. ஆடுனேன்னேன். நம்பாமலே மவுத்தாயிட்டாரு. கொஞ்சம் முன்னக் கொண்டாந்திருக்கலாம்லா?"

பேனாவை எடுத்தேன். கழிவை அடித்து ஐம்பத்தெட்டையும் 'கொடுத்தது' என்று எழுதப் போனபோது காதர் கையைப் பிடித்தார்.

"ஐம்பத்தேழுன்னு போடுங்க. நான் மூணு தடவ எறிஞ்சேன். ரெண்டு விழுந்துச்சு. ஒண்ணு சாக்கடைக்குள்ள போச்சு, நீங்கதான எடுத்துக் கழுவிக் குடுத்தீய? அது கழிவுதான். அத அழிச்சிராதீய."

ஆமாம், கழுவினேன். மறந்தே போயிருந்தேன். கொடுத்தது ஐம்பத்தேழு, கழிவு ஒன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். திருத்தியதை மில் வழக்கப்படி கார்பன் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று காதருக்கு, அதை நாலாக மடித்துக் கல்லாவில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்று எனக்கு. மூன்றாவது மில்லுக்கு.

திரும்பும் வழியில் மில் நிறுத்தத்தில் இறங்கினேன். நிறுத்தத்துக்கு மட்டும் இன்னும் அந்தப் பெயர். மில்லை இடித்துவிட்டு, மனைக்கு எல்லை காட்ட வெள்ளைக் கற்கள் நட்டிருந்தார்கள். நாற்பது வரை எண்ணினேன். பந்துத் திடல் எந்தக் கல்லில் தொடங்கியது என்று தெரியவில்லை. டைம் ஆபீஸ் இருந்த பக்கம் உத்தேசமாக நடந்து போய், படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். நீட்டுவதற்கு ஒன்பது கம்பி ஜன்னல் இல்லை.