ஒரு பக்கம் மட்டும் பூட்டிய கியர்பாக்ஸ்

கல்லூரிக் கடைசி வருடத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். வட்ட மேடையில் இரண்டு ரோபோக்கள் மோதும். எது மற்றதைக் கீழே தள்ளுகிறதோ அதற்கு வெற்றி. தள்ள வலுவான மோட்டார் வேண்டும். தோழியின் அப்பா பாறசாலைப் பக்கத்தில் கட்டட கான்ட்ராக்டர். அவர் வீட்டு மூலையில் ஒரே மாதிரி இரண்டு பேட்டரி டிரில்கள் கிடந்தன.

"கொண்டு போ மக்களே. பேட்டரி ரெண்டும் செத்தாச்சு, மோட்டாரு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

டிரில்லின் கியர்பாக்ஸை அப்படியே சக்கரத்தில் மாட்டிவிட முடியாது. திருகு இறுகியதும் 'டக டக'வென்று நழுவுகிற கிளட்சைப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் முட்டித் தள்ளுகிற நேரத்தில் சத்தம் மட்டும் வரும், சக்கரம் சுற்றாது. அப்புறம், உள்ளே ஐந்து குட்டி எஃகு ஊசிகள் இருக்கும். மோட்டார் நின்றிருக்கும்போது தண்டை வெளியிலிருந்து யாரும் சுழற்ற முடியாதபடி அவை பிடித்துக்கொள்ளும். சுவரில் துளை போடுபவருக்கு, பிட் மாற்றும்போது அது வசதி. வண்டிக்கோ, பிரேக்கிலேயே கால் வைத்த மாதிரி. அவற்றை எடுத்துவிட வேண்டும்.

ஆளுக்கு ஒரு கியர்பாக்ஸ் என்று பிரித்துக்கொண்டோம். வலியசாலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன். ஸ்பிரிங்குகளைக் கழற்றி, அந்த இடத்தில் வாஷர்களை அடுக்கிக் கிளட்சைப் பூட்டினேன். ஊசிகளில் கை வைக்கும் நேரத்தில் அம்மா வந்தாள்.

"இது என்னதாக்கும்?"

"கியர்பாக்ஸ்மா."

"எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். அந்தக் கையோட ஆத்துல ஒண்ணையும் தொட்டுடாதே. மோர்க்குழம்பு ஆறிப்போறது, அலம்பிண்டு வா."

கிரீஸ் போக மூன்று தடவை சோப்புப் போட்டேன். சாப்பிட்டேன். மோர்க்குழம்பு நன்றாக இருந்ததால் இன்னொரு தடவை சாதம் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து, வேலை முடிந்த திருப்தியோடு கியர்பாக்ஸை மூடித் திருகினேன். ஊசிகள் ஐந்தும் உள்ளேயே இருந்தன.

ஓட்டிப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. மோட்டார் ஓடும்போது ஊசிகள் தாமாக விலகிக்கொள்ளும். மோட்டாரை நிறுத்திக் கையால் தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும். நாங்களோ அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்தோம்.

போட்டி நாளன்று எங்களோடு மோத வந்தது இரும்புத் தகடு போர்த்திய ஒரு பயங்கரம். அதை ஓட்டிய நான்கு பையன்களும் ஒரே நிறச் சட்டை. விசில் ஊதியதும் அது சீறி வந்தது. எங்கள் ரோபோ அசையவே இல்லை. பேட்டரி ஒயர் கழன்றிருந்தது.

"ஏட்டி, ஓட்டுட்டி!" என்று தோழி கத்தினாள்.

"ஓட மாட்டேங்கறதுடீ!"

தகட்டு ரோபோ நேராக வந்து இடித்தது. என் கியர்பாக்ஸ் மாட்டிய இடது சக்கரம் பூட்டிக்கொண்டு நின்றது. வலது சக்கரம் தாராளமாக உருண்டது. ரோபோ கதவு திறப்பதுபோல் ஒதுங்கியது. திறந்த கதவு வழியாக வந்த வேகத்திலேயே எதிராளி போய் மேடையிலிருந்து குப்புற விழுந்தது. அரங்கமே எழுந்து கைதட்டியது.

நடுவர் எங்களிடம் வந்தார். "இது மனப்பூர்வம் செய்ததாணோ?" வேண்டுமென்றே செய்ததா என்று மலையாளத்தில் கேட்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் தோழி முந்திக்கொண்டாள்.

"அதே சார். டிஃபன்ஸ் மெக்கானிசம்."

நடுவர் மரியாதையோடு ஏதோ குறித்துக்கொண்டார். அவர் நகர்ந்ததும் தோழி என் பக்கம் திரும்பினாள். "நீ ஊசிய எடுத்தியாட்டி?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"சரி, போட்டும், இனி அதுதான் நம்ம ஸ்ட்ராட்டஜி" என்றாள்.

அடுத்த சுற்றில் ஒயரைச் சரியாக மாட்டிவிட்டு, வேண்டுமென்றே ஆடாமல் நின்றோம். ஆனால் இந்த எதிராளிக்கு அவசரமே இல்லை. மெதுவாக வந்து தொட்டது, மெதுவாகத் தள்ளியது. எங்கள் ரோபோ சுற்ற, அதுவும் கூடவே சுற்ற, இரண்டும் கல்யாண ஊஞ்சலுக்கு முன்னால் கும்மியடிப்பதுபோல் வட்டம் போட்டன. கூட்டம் தாளம் தட்ட ஆரம்பித்தது. தாளம் ஏற ஏற எனக்குப் பதற்றமாகிவிட்டது. தப்பிக்கலாம் என்று லீவரை முன்னால் தள்ளினேன். அந்த நொடியில் எங்கள் ரோபோவின் முகம் மேடைக்கு வெளியே பார்த்திருந்தது. தானாகவே இறங்கிப் போய்விட்டது.

தோற்றதில் எங்களுக்கு வருத்தமில்லை. புதுமையான வடிவமைப்புக்கான சான்றிதழ் எங்களுக்குத்தான் கிடைத்தது. அடுத்த வாரம் துறைத்தலைவர் எங்களைக் கூப்பிட்டு, ஜூனியர்களுக்கு அந்த மெக்கானிசத்தை விளக்கச் சொன்னார்.

நான் கரும்பலகையில் படம் வரைந்து, அம்புக்குறிகள் போட்டு, இருபது நிமிடம் பேசினேன். என் குரலில் இருந்த தன்னம்பிக்கையைக் கேட்டு எனக்கே ஆச்சரியம். பக்கத்தில் தோழி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு இருமிக்கொண்டே இருந்தாள். முன்வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"சேச்சி, எதிராளி மெதுவா வந்தா என்ன செய்யணும்?"

"அதை உங்க பேட்ச் ஆராய்ச்சி பண்ணணும்" என்றேன்.

அவள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.