இடம் மாறி உட்காருவதில்லை

எனக்கு இடது காது கேட்காது. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருக்க மூன்று வருஷம் நாய் படாத பாடு பட்டேன்.

ஒரு நாள் காலையில் எழுந்தபோது காதுக்குள் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். அழுக்கு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். சளி என்று நினைத்து ஆவி பிடித்தேன். மட்டாஞ்சேரியில் எங்கள் லைனில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள், ஒன்று விடாமல் செய்தேன். மூன்றாவது வாரம் எறணாகுளத்தில் டாக்டரிடம் போனால், "ஆதியத்த ரெண்டு மூணு நாளில் வந்திருந்தா ஏதாவது பார்த்திருக்கலாம்" என்கிறார். நரம்பு போய்விட்டதாம். திரும்பி வரப் படகுத்துறையில் நிற்கும்போது அழுகையாக வந்தது. அந்த எண்ணெய்ப் பாட்டிலை நினைத்து என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

வேறு வேலையில் இருந்தால் ஒரு காதை வைத்து ஓட்டிவிடலாம். நான் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவள். கெஸ்ட் லெக்சரர் என்று பெயர். பன்னிரண்டு வருஷமாகக் கெஸ்ட். இத்தனை நாள் தங்கின விருந்தாளியை எந்த வீட்டிலும் வைத்திருக்க மாட்டார்கள். இங்கே வருஷா வருஷம் இன்டர்வியூ வைத்து, வாசலில் நிற்க வைத்து, மறுபடி உள்ளே விடுவார்கள்.

துறையில் மாதம் ஒரு கச்சேரி உண்டு. சென்னையிலிருந்தோ திருச்சூரிலிருந்தோ யாராவது வந்து பாடுவார்கள். மிருதங்கக்காரரைச் சில பேர் தங்களோடு கூட்டி வருவார்கள். வயலினுக்கு ஆள் துறை கொடுக்கும், அந்த ஆள் நான். ஒத்திகை என்பதே கிடையாது. என்ன பாடப்போகிறார் என்றுகூடச் சொல்ல மாட்டார். அவர் வாயைத் திறந்த பிறகு, ராகத்தை எங்கே கொண்டுபோகிறாரோ அங்கே அரை மூச்சு பின்னால் நானும் போக வேண்டும். அவர் நிறுத்தினதும் அதையே நான் தனியாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். முழுக்கக் காது வேலை. போதாக்குறைக்கு எங்கள் ஹாலில் மைக்கும் இல்லை. துறைத்தலைவி டீச்சருக்கு மைக் என்றாலே ஆகாது.

அப்படியும் நான் பிழைத்தது உட்காரும் இடத்தால். மேடையில் வயலின்காரர் பாடுகிறவருக்கு இடது கைப் பக்கம் உட்காருவார். அங்கே உட்கார்ந்தால் பாடுகிறவர் எனக்கு வலது பக்கம், அதாவது என் நல்ல காதுப் பக்கம். இதைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருஷம் மேடையேறினேன். ஸ்டாஃப் ரூமில் இடது சுவரை ஒட்டின நாற்காலி, பஸ்ஸில் இடது பக்க ஜன்னல். நடக்கும்போது யாராவது தவறான பக்கம் வந்துவிட்டால் செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்து, அவர்களைச் சுற்றி வந்து விடுவேன். கள்ளி மாதிரி வாழ்ந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். என்னைப் போலவே கெஸ்டாக வாய்ப்பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒரு சாருக்குத் தொண்டையில் ஏதோ கட்டி வந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ரெஸ்ட் எடுங்கள் சார் என்று லைப்ரரியில் உட்கார வைத்தார்கள். அடுத்த வருஷ இன்டர்வியூவுக்கு அவருக்குக் கடிதம் வரவில்லை. அவ்வளவு அன்பாக அனுப்பினார்கள். அந்த அன்பு எனக்கு வேண்டாம் என்று இருந்தேன்.

வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். வல்லார்பாடத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். "சொல்லித் தொலையேன், தலையையா எடுத்துருவாங்க?" என்பார்.

"உங்களுக்கென்ன, கண்ணு நல்லா இருந்தா போதும். எனக்கு மேடையில்லாம என்ன இருக்கு?" என்று பாய்வேன். மனுஷன் சாயாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

போன வருஷம் மழை விட்ட சமயம் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய பாடகி வருகிறார், மறுநாள் எங்கள் இன்டர்வியூவில் வெளியாளாக உட்காரப்போவதும் அவரேதான். நான் அதைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். இரண்டாம் வருஷம் மிருதங்கம் படிக்கிறவள், பள்ளுருத்தியிலிருந்து வருகிறாள், வீட்டில் தமிழ் பேசுகிறவள் என்பதால் என்னோடு ஒட்டுதல்.

"டீச்சர், கூட வர்ற மிருதங்கக்கார சார் யாரு அறியுமா? இடது கைக்காரர். என்னை மாதிரி."

அவளுக்கு இடது கைதான் வரும். வலது கைக்கு மாறு, மாறு என்று அவளுடைய வாத்தியார் ஒரு வருஷமாகக் கரைத்துக்கொண்டிருந்தார். மாட்டேன் என்று நின்றாள். இடது கையால் வாசித்துப் பெரிய ஆளான ஒருவரை நேரில் பார்க்கப்போகிறாள், அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் நோட்டீஸில் தேதியைப் பார்த்து நாள் எண்ணினேன்.

மிருதங்கத்துக்கு ஒரு பக்கம் வலந்தலை, மணி மாதிரி பேசுகிற பக்கம். மறுபக்கம் தொப்பி, கும்மென்று அடங்கிப் பேசுவது. வலந்தலை ஜனங்களைப் பார்த்து இருக்க வேண்டும். வலது கைக்காரர் பாடுகிறவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தால் அது சரியாக அமையும். இடது கைக்காரர் இடப்பக்கம் வந்தால்தான் அமையும். அது வயலினுடைய இடம். வயலின் எழுந்து எதிர்ப்பக்கம் போக வேண்டும். போனால் பாடகி என் செத்த காதுப் பக்கம். நல்ல காதுக்கு என்ன கிடைக்கும் என்றால், எங்கள் ஹாலில் அந்த மூலையில் இருக்கிற ஜன்னலும், அதற்கு வெளியே பஸ் ரோடும்.

பதினைந்து நாள் பழகிப் பார்த்தேன். போனில் பாட்டைப் போட்டு இடது பக்கம் வைத்து வாசித்தேன். வீட்டுக்காரரை அந்தப் பக்கம் உட்கார்ந்து பாடச் சொன்னேன், பாவம், தெரிந்த சினிமாப் பாட்டெல்லாம் பாடினார். ஸ்வரம் கிடைத்தது, நுணுக்கம் கிடைக்கவில்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுகிற மாதிரி. துறைத்தலைவி டீச்சரிடம் போய் மைக்காவது வைப்போமா என்று கேட்டேன். "எந்தினா டீச்சரே, நம்ம ஹாலுக்கு மைக்?" என்று சிரித்துவிட்டார். லீவு போட்டால் மறுநாள் இன்டர்வியூவில் என்ன முகத்தோடு உட்காருவது? எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டது.

கடைசியில் எனக்குத் தோன்றினது இதுதான்: எல்லோரும் வருவதற்கு முன்னால் போய் என் இடத்தில் உட்கார்ந்துவிடுவது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

உட்கார்ந்தேன். சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும்போது மிருதங்கக்காரர் வந்தார். அறுபது வயசிருக்கும், ஒல்லி, முகத்தில் எப்போதும் சிரிப்பு. "எனக்கு இடது கை வாசிப்பும்மா. சிரமத்துக்கு மன்னிக்கணும், நீங்க அந்தப் பக்கம் வந்துட்டீங்கன்னா சௌகரியமா இருக்கும்" என்றார்.

"நான் இடம் மாறி உட்காருவதில்லை, சார்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே உறைத்தது. இந்தத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முன்பெல்லாம் வயலின்காரர்கள் சிலர் இடது கை மிருதங்கக்காரருக்கு இடம் விட மாட்டார்கள். இவனுக்காக நான் எழுந்திருப்பதா என்கிற கௌரவம். அதனாலேயே கச்சேரி போய், பேர் போய், ஒதுங்கியே கிடந்த மிருதங்கக்காரர்கள் உண்டு. இவரும் இளமையில் அதையெல்லாம் பட்டுத்தான் வந்திருப்பார். சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிப்போனது.

பாடகி தம்பூராவைப் பார்த்துக்கொண்டு தலை குனிந்துவிட்டார். துறைத்தலைவி டீச்சர் மேடை ஓரத்துக்கு வந்து, "ஒரு திவசம் மாறிக்கூடே, டீச்சரே?" என்று, ஒரு நாள் மாறி உட்காரக் கூடாதா என்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார். முன்வரிசையில் பிள்ளைகள் எல்லோரும் பார்க்கிறார்கள். என் காது கேட்காது, அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. மறுநாள் இன்டர்வியூ ஞாபகம் வந்தது. லைப்ரரியில் உட்கார்ந்திருந்த அந்த சார் ஞாபகம் வந்தார்.

"எனக்கு அது பழக்கமில்லை" என்றேன்.

"வேண்டாம், விடுங்கோ. அவங்க இடத்துல அவங்க இருக்கட்டும்" என்று மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு அவரே எதிர்ப்பக்கம் போனார். அங்கே உட்கார்ந்தால் வலந்தலை பின்னால் திரையைப் பார்த்துத்தான் இருக்கும். இருந்தது.

அன்றைக்கு நான் வாசித்தது போல என் ஆயுசில் வாசித்ததில்லை. வெட்கமே இல்லாமல் இதைச் சொல்கிறேன். பாடகி தோடியை எடுத்து எங்கெங்கோ போனார், ஒவ்வொரு அசைவும் என் காதில் விழுந்தது, விட்டேனா பார் என்று கூடவே போனேன். இரண்டு தடவை என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம் பார்க்காமலே வாசித்தேன். மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கிற தனி வந்தபோது வில்லை மடியில் வைத்துவிட்டுத் தாளம் போட்டேன். அத்தனை அழகான சொல்லெல்லாம் திரைக்குள் போய் முடங்கிற்று. ஜனங்களுக்குக் கிடைத்தது பாதிக்கு மேல் தொப்பிதான். முன்வரிசையில் அந்தப் பெண் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அவள் பார்க்க வந்த இடது கை மிருதங்கத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து நீட்டுவதை விட்டுவிட்டாள்.

கச்சேரி முடிந்து, ஹால் கலைகிற இரைச்சலில், தந்திகளிலிருந்து வில்லின் ரோசின் பொடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மிருதங்கக்காரர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் துடைத்த தந்தியையே துடைத்தேன். நிமிர்ந்தபோது அவருடைய கார் கிளம்பியிருந்தது.

மறுநாள் இன்டர்வியூ ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. "நேத்து கேட்டேனே, இன்னும் என்ன கேக்கறது?" என்று பாடகி மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். ஒரு வருஷம் நீட்டித்தார்கள். வெளியே வந்ததும் துறைத்தலைவி டீச்சர், "எந்தொரு வாசி, டீச்சரே" என்று தோளில் தட்டினார். இத்தனை பிடிவாதமா என்கிற அர்த்தத்தில். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. திமிர்பிடித்தவள் என்ற பேர் எனக்கு வந்தது, செவிடு என்ற பேர் வரவில்லை. வீட்டுக்குப் போய் ஆனந்தமாகச் சாப்பிடுவேன் என்று நினைத்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.

இரண்டு வாரம் போனது. ஒரு மத்தியானம் மிருதங்க வகுப்பைத் தாண்டிப் போகும்போது யாரோ தத்தக்கா பித்தக்கா என்று அடிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள். மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு, வலந்தலையில் வலது கையை வைத்து, சின்னக் குழந்தை மாதிரி முதல் பாடம் அடித்துக்கொண்டிருந்தாள். விரலில் பிளாஸ்டர்.

"என்ன பண்றே?"

"வலது கை பழகறேன், டீச்சர்."

"ஒரு வருஷமா மாட்டேன்னு நின்னவதானே நீ?"

"அத்தனை பெரிய சாரே எதிர்ப்பக்கம் போக வேண்டி வந்துச்சு. நம்ம டீச்சரே மாற மாட்டாங்கன்னா வெளியில எனக்கு யாரு மாறுவாங்க?" கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதுகூடப் பரவாயில்ல டீச்சர். போறதுக்கு முன்னாடி அவர் உங்க பக்கத்துல வந்து நின்னு, சங்கடப்படுத்திட்டேன், மன்னிச்சுக்கோங்கம்மான்னு சொன்னாரு. ரெண்டு தடவ சொன்னாரு. நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல" என்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"எந்தப் பக்கம் நின்னார்?"

அவள் என் இடது தோளைக் காட்டினாள்.

அங்கேயே தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். எண்ணெய் விட்டது, டாக்டர் சொன்னது, ஸ்டாஃப் ரூம் நாற்காலி, எல்லாவற்றையும் கொட்டினேன். அழுதேனா என்று கேட்டால், அழுதேன். அவள் மிருதங்கத்தின் மேல் கையை வைத்தபடி கேட்டாள். கோபத்தில் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"மிருதங்கத்தைத் திருப்பிப் போடும்மா" என்றேன். "உன் கைக்கு ஒரு குறையும் இல்ல. குறை என் காதுலதான்."

அவள் யோசித்தாள். "டீச்சர், இது அந்த சாருக்கு அறியுமா?"

"இல்ல."

"தலைவி டீச்சருக்கு?"

"இல்ல."

"எனக்கு மட்டும்தான், அல்லே?"

வேறு யாரிடமும் சொல்லிவிடாதே என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை, ஆனால் அது என் முகத்தில் இருந்திருக்கும். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், டீச்சர்" என்று சொல்லிவிட்டு, மிருதங்கத்தைத் திருப்பாமல், வலது கையால் முதல் பாடத்தை மறுபடியும் தொடங்கினாள்.